யூஎஸ்பி கருவியைப் பிடுங்கியதும் லினக்ஸ் கெர்னல் நிலைகுலைந்தால்

ஒரு நிரல் யூஎஸ்பி கருவியின் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போதே கருவியைப் பிடுங்கினால் லினக்ஸ் கெர்னல் நிலைகுலைவது, பெரும்பாலும் டிரைவரின் டிஸ்கனெக்ட் செயற்கூறு (கருவி நீங்கும்போது அழைக்கப்படுவது) விடுவித்துவிட்ட நினைவகத்தை ஒரு டைமரோ, பின்னர் செய்வதற்காக ஒத்திவைத்த வொர்க்கியூ பணியோ, திறந்திருக்கும் அந்தக் கோப்போ பிறகும் தொடுவதால்தான். எனவே நிலைகுலையும்போது கெர்னல் அச்சிடும் ஊப்ஸ் செய்தி சுட்டும் வரியிலேயே பிழை இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இயந்திரம் உறைந்துவிட்டால் அச்செய்தி வட்டில் பதிவாகியிருக்காது. ஆகவே சீரியல் கன்சோலையோ, வேறொரு கணினிக்குச் செய்தியை அனுப்பும் நெட்கன்சோலையோ முன்னதாகவே அமைத்துக்கொள்ள வேண்டும். விடுவித்த நினைவகத்தைக் குறிப்பிட்ட பைட்டால் நிரப்பும் பாய்சனிங் இயக்கப்பட்ட கெர்னலில், அச்செய்தி காட்டும் ரெஜிஸ்டர்களில் 6பி (0x6b) என்ற பைட் திரும்பத் திரும்பத் தென்பட்டால், விடுவிக்கப்பட்ட நினைவகம் வாசிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கேசான் (KASAN) வசதியோடு கெர்னலைக் கட்டமைக்க வேண்டும். 2015இல் வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்தே இருக்கும் இவ்வசதி, நினைவகம் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, அதன்பின் எங்கே தொடப்பட்டது என்ற மூன்று அழைப்புத் தடங்களையும் ஒருசேரத் தரும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிழையை மீண்டும் வரவழைக்க, சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys) அந்த டிரைவரைக் கருவியிலிருந்து பிரிக்கும் அன்பைண்ட் கோப்பில் கருவியின் இன்டர்ஃபேஸ் பெயரை எழுதினால் போதும். ஆயினும் கையால் பிடுங்கியும் பார்த்தாக வேண்டும். ஏனெனில் கருவி போனதை ஹப் உணரும் வரையிலான இடைவெளியில் யூஆர்பிகள் (யூஎஸ்பி தரவுப் பரிமாற்றக் கோரிக்கைகள்) −71 போன்ற பிழைகளோடு திரும்பும், எந்தப் பிழையானாலும் அவற்றை உடனே மறுபடி சமர்ப்பிக்கும் டிரைவரின் குறை அப்போதுதான் வெளிப்படும்.

திருத்தத்தில் வரிசைதான் முக்கியம். டிஸ்கனெக்ட் முதலில் மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டை) பிடித்து, கருவி நீங்கிவிட்டது என்ற குறியை இட வேண்டும். வாசிப்பும் எழுத்தும் அதே மியூட்டெக்ஸின் கீழ் அக்குறியைச் சோதிக்க வேண்டும். பிறகு யூஆர்பிகளையும் டைமர்களையும் பணிகளையும், ஓடிக்கொண்டிருப்பவை முடியும் வரை காத்திருந்து நிறுத்த வேண்டும். டைமர் பணியையும் பணி டைமரையும் மாறிமாறித் தூண்டும் டிரைவர்களில் சாதாரண நிறுத்தம் போதாது, 6.2 பதிப்பில் வந்த டைமர் ஷட்டவுன் செயற்கூறு, அதன்பின் வரும் மறுதூண்டலைப் புறக்கணித்துவிடும். நினைவகத்தை, அதை இன்னும் எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்று எண்ணும் கேரெஃப் எண்ணிக்கை சுழியத்தை எட்டும்போது மட்டுமே விடுவிக்க வேண்டும். டெவ்எம் வகை (devm, தானாக விடுவிக்கப்படும்) ஒதுக்கீடு இங்கே உதவாது, கோப்பு திறந்திருந்தாலும் டிரைவர் பிரிந்ததும் அது விடுவிக்கப்பட்டுவிடும். விபத்து நடந்த வரிக்கு மேலே, சுட்டி வெறுமையானதா (NULL) என்று பார்க்கும் ஒரு சோதனையைச் சேர்ப்பது பிழையை அரிதாக்குமே ஒழிய நீக்காது.

இறுதிச் சோதனையில், கோப்பைத் திறந்து தரவு ஓடும்போது கருவியைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துக் கோப்பை மூட வேண்டும்; கேசான் அப்போதும் மௌனமாக இருக்க வேண்டும்.