குடமுருட்டிக் கரையில் சைப்ரஸ் மரம்

சென்ற ஆவணியில் ஒரு மாணவி தான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஊர். தையல் கடை வைத்திருப்பவர். படத்தில் அவர் ஊர்ப் படித்துறை, குடமுருட்டி ஆறு, எட்டத்தில் ஒரு கோபுரம். மேலே இருந்த வானம் மட்டும் அவர் ஊர் வானம் இல்லை. டச்சு ஓவியர் வான்கோவின் ‘விண்மீன் இரவு’ அப்படியே சுழன்றுகொண்டிருந்தது. இடப்பக்கம் கரும்பச்சையில் தீப்பிழம்பு போல ஒரு மரம்.

“இது என்ன மரம், அம்மா?”

“தெரியவில்லை சார். அந்தப் படத்தில் இருந்தது.”

அது சைப்ரஸ். தென் பிரான்சில் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் மரம். அந்தப் படம் வான்கோ 1889 ஜூன் மாதம் அங்கே சேன் ரெமி மனநல விடுதியில் தங்கியிருந்தபோது வரைந்தது. அவருக்கு அந்த மரம் அன்றாடம் கண்ணில் பட்டது. குடமுருட்டிக் கரையில் அது முளைத்ததற்குக் கைப்பேசித் திரையைத் தவிர வேறு காரணம் இல்லை.

கும்பகோணத்தில் சனி, ஞாயிறுகளில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மனத்தில் ஓர் ஆசானைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அதில் குற்றமே இல்லை. ஆனால் அந்த ஆசானிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ளாமலேயே தூரிகையைத் தொட்டுவிடுகிறார்கள். நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்து கிளைக்கின்றன.

பாடமும் கச்சேரியும்

நகல் எடுப்பது கேவலம் என்று நினைத்துச் சிலர் அந்தப் பயிற்சியையே தவிர்க்கிறார்கள். வேறு சிலர் நகலை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சட்டம் அடித்து, கூடத்தில் மாட்டிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே குழப்பத்தின் இரண்டு முனைகள்.

வான்கோவே நகல் எடுத்தவர்தான். 1887இல் பாரிஸில் இருந்தபோது ஹிரோஷிகேயின் இரண்டு ஜப்பானிய அச்சுப் படங்களைத் தைலவண்ணத்தில் திரும்ப வரைந்தார். சேன் ரெமியில் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் உழவர் படங்களைப் பார்த்து இருபது ஓவியங்கள் வரை தீட்டினார். அவர் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுகள். உருவ அமைப்பு மில்லேயுடையது. வண்ணம் முழுக்க வான்கோவுடையது. பீத்தோவனின் இசையை வாசிக்கிறவர் அதில் தன் விளக்கத்தையும் சேர்க்கிறார் அல்லவா, அதுபோலத்தான் இதுவும் என்று தம்பிக்கு எழுதினார்.

நம் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தியாகராஜர் ஆராதனை நாளான பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரு சங்கதி கூடக்கூடாது, குறையக்கூடாது. அதே வித்துவான் மறுநாள் கச்சேரியில் ஒரு கீர்த்தனையை எடுத்தால் அங்கேயே கற்பனையில் விரிக்கும் நிரவலும் சுரமும் அவருடையவை. குருவிடம் கற்ற பாடாந்தரம் இல்லாமல் நிரவலுக்குப் போகிறவரை ரசிகர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓவியத்தில் மட்டும் ஏனோ பாடாந்தரத்தையே கச்சேரியாக நினைத்துக்கொள்கிறோம்.

நான் சொல்லும் வழி எளியது. பயிற்சி நகலுக்குத் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கங்களைக் கிழித்து மாட்டாதீர்கள். சொந்த ஓவியம் வரையும் நாளில் அந்த நோட்டும் மூலப்படமும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். கை நினைவில் வைத்திருப்பது மட்டும் வந்தால் போதும்.

மோனேயின் நிழலும் என் பெரியப்பாவும்

அடுத்த தவறு, வேறோர் ஊரின் ஒளியைக் கடன் வாங்குவது. அதை நானே செய்தேன் என்பதால் இங்கே சற்று நேரம் நிற்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91 ஆண்டுகளில் ஜிவெர்னியில் தன் வீட்டருகே இருந்த கதிர்ப் போர்களை இருபத்தைந்து தடவை போல வரைந்தார். விடியல், அந்தி, பனி மூடிய காலை, உருகும் வெயில் என்று ஒவ்வொன்றிலும் ஒளி வேறு. அந்தப் படங்களின் அச்சைப் பார்த்த மயக்கத்தில், ஒரு மாசி மாதம் பாபநாசம் பக்கத்துக் களத்துமேட்டில் போய் உட்கார்ந்து வைக்கோல் போர் ஒன்றை வரைந்தேன். நிழலுக்கு ஊதா, விளிம்புக்கு ஆரஞ்சு. எனக்கே பெருமையாக இருந்தது. பெரியப்பாவிடம் காட்டினேன். ஐம்பது ஆண்டு சம்பா சாகுபடி பார்த்தவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “போர் நம்முடையதுதான். வெயில் எந்த ஊருடையது?” என்று கேட்டார்.

ஜிவெர்னி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 49 பாகையில் இருக்கிறது. தஞ்சாவூர் 11 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுதும் தாழ்வாகவே போகும். நிழல் நீளமாகப் படுத்து, வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். இங்கே சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. உருமத்தில் போரின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மாசியிலும்கூட எட்டரை மணிக்கு மேல் ஒளி தட்டையாகி, வைக்கோலின் மஞ்சள் வெளுத்துவிடும். மோனேயின் ஊதா அவர் கண்ணால் கண்ட ஊதா. என்னுடையது அச்சுத் தாளில் கண்டது.

பிறகு விடியற்காலையிலேயே அதே இடத்துக்குப் போய், அரை மணிக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அட்டைகளில் வரைந்தேன். மோனேயிடமிருந்து நான் எடுத்திருக்க வேண்டியது அவருடைய நேர அட்டவணையைத்தான். ஒளி மாறினால் அடுத்த கித்தானுக்குப் போவது, மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்து பழையதைத் தொடர்வது. அந்தப் பழக்கத்தை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். (களத்துமேட்டில் போர் காண்பதே இப்போது அரிது. இயந்திரம் வைக்கோலை உருளையாகச் சுருட்டி வயலிலேயே விட்டுவிடுகிறது. மோனே இன்று பாபநாசத்தில் இருந்தால் அந்த உருளைகளைத்தான் வரைவார் என்பது என் எண்ணம்.)

பச்சையிலும் இதே கதைதான். டெல்டாவை வரைகிறேன் என்று குழாயிலிருந்து பச்சையைப் பிதுக்கி அப்படியே பூசுகிறார்கள். நாற்றங்காலின் பச்சையில் மஞ்சள்தான் பெரும்பங்கு. எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம் சேர்த்தால் நெருங்கலாம். நடவு முடிந்த வயலோ முதல் இரண்டு வாரம் பச்சையே இல்லை. நாற்றுகளுக்கு இடையில் நிற்கும் தண்ணீர் வானத்தைக் காட்டுவதால் பாதி சாம்பலாக இருக்கும். எந்த ஆசானின் வண்ணத்தட்டைக் கடன் வாங்கினாலும் முதலில் அந்த வயலோரம் நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசித் திரை என்னும் பொய்

திரையில் எல்லா ஓவியமும் உள்ளங்கை அளவு. ‘விண்மீன் இரவு’ ஏறத்தாழ 74க்கு 92 சென்டிமீட்டர். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ‘முத்தம்’ 180 சென்டிமீட்டர் சதுரம். தோளை அசைத்து இழுத்த கோட்டை நாம் விரல் நுனியால் இழுக்கப் பார்க்கிறோம். வான்கோ வண்ணத்தைக் குழைத்துக் குவித்து வைத்த மேடுகள் திரையில் வழவழப்பாகத் தெரிகின்றன. அதனால் தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் அவரைப் பின்பற்றி, ஏன் உயிர் இல்லை என்று வருந்துகிறோம்.

நிறத்தையும் நம்ப முடியாது. தென் பிரான்சின் ஆர்ல் நகரில் வரைந்த படுக்கையறைப் படத்தின் சுவர் வெளிர் ஊதா என்று வான்கோ கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அது நீலம். அவர் பயன்படுத்திய சிவப்பு நாளடைவில் வெளிறிப்போனதால் நீலம் மட்டும் மிஞ்சியது. அந்த நீலத்தை அச்சு அசலாகக் கலக்கத் தவமிருக்கிறவர் வான்கோவைப் பின்பற்றவில்லை, காலம் செய்த சேதத்தைப் பின்பற்றுகிறார்.

நம் வீட்டு வாசலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பொதுவாக அங்கே யாரையும் விடுவதில்லை என்பதால் நாம் பார்ப்பதெல்லாம் புகைப்படங்களைத்தான். அவற்றைப் பார்த்து வரைகிறவர்கள் உதிர்ந்த சுண்ணாம்பையும் புகைக்கறையையும்தான் முதலில் வரைகிறார்கள். தேநீர்க் கறை பூசிப் பழமை ஏற்றியவரும் உண்டு. சோழ ஓவியர் வரைந்த அன்று சுவர் புதிதாக அல்லவா இருந்திருக்கும்!

அந்தச் சுவரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கோடு. ஈரச் சுண்ணப் பூச்சு காய்வதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். அழித்து எழுத இடம் கிடையாது. முப்புரம் எரிக்கத் தேரில் நிற்கும் சிவனின் புருவத்திலும் தோளிலும் தெரியும் உறுதி அந்த அவசரத்தில் பழகிய கையின் உறுதி. என் வகுப்பில் இதற்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். பென்சில் கிடையாது, அழிப்பான் கிடையாது. செங்காவி ஒன்று, தூரிகை ஒன்று, பத்து நிமிடம். முதல் மாதம் எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்.

பக்கத்தில் இருப்பவரைத் தாண்டிப் போவது

ஆசான் என்றாலே அயல்நாட்டார் என்று ஒரு பழக்கம். பத்திரிகை ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்தவர், கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல், முதுகின் வளைவிலேயே ஒருவரின் தொழிலையும் குணத்தையும் சொல்லிவிடும் கோடு அவருடையது. ஓவியர் சில்பி கோயில்களுக்குள்ளேயே நாள்கணக்கில் உட்கார்ந்து சிற்பங்களை நேரில் பார்த்து வரைந்தவர். அவரைப் பின்பற்ற விரும்புகிறவர் அவர் படத்தைப் பார்த்துப் புள்ளி குத்துவதைவிட, தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத்திருமேனிகள் முன் ஒரு முழுக் காலைப்பொழுது நின்று வரைவது அதிகப் பயன் தரும்.

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் இளையராஜா 2021இல் மறைந்த பிறகு, சன்னல் வெளிச்சத்தில் நிற்கும் பாவாடை தாவணிப் பெண் டெல்டாவில் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டாள். அவர் தான் அறிந்த முகங்களை, தான் வளர்ந்த வீட்டின் ஒளியில் வரைந்தார். பின்பற்றுகிறவர்களோ இணையத்தில் கிடைத்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு அதே சன்னலை வைத்துத் தருகிறார்கள். உங்கள் அத்தை சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பூக்கட்டுகிறாரா? அதை வரையுங்கள். குழல்விளக்கை யாரும் இன்னும் ஒழுங்காக வரையவில்லை.

தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளிம்ட்டைப் பார்த்துவிட்டுத் தங்கத்தாள் ஒட்டுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவருக்கு அந்த ஆசை இத்தாலியின் ராவென்னா நகரத் தேவாலயங்களின் பொன் மொசைக்குகளிலிருந்து வந்தது. நம்மூர்த் தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப்பலகை மேல் மக்கு என்ற பசையை வைத்துப் புடைப்பாக்கி, தங்க ரேக்கு ஒட்டும் வேலை தலைமுறைகளாக நடக்கிறது. பூசை அறையில் எண்ணெய் விளக்கு அசையும்போது அந்தப் புடைப்பில் ஒளி ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. தட்டையாக ஒட்டிய மலிவு ரேக்கு ஆறு மாதத்தில் கறுத்துப்போகும். அதற்கு மஞ்சள் வண்ணமே மேல்.

பொருள், பருவம்

இருபத்துநான்கு குழாய்ப் பெட்டி வாங்காதீர்கள். ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் மஞ்சள் காவி, செந்நிறம், கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கை மட்டும் கொண்டு பல உருவப்படங்களைத் தீட்டியவர். நம் தோல் நிறங்களுக்கு அந்த நான்கும் அழகாக ஒத்துவருகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தைலவண்ணம் காய வாரக்கணக்கில் ஆகும்; கித்தானைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்தால் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சித்திரையில் நேர்மாறு. அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துவிடும், ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் உரிமையும்

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நகல் எடுக்க அனுமதி பெறுகிறவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. நகல் மூலத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது பெரியதாகவோ சிறியதாகவோ இருக்க வேண்டும். மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. வீட்டிலும் இவற்றைப் பின்பற்றலாம். அடியில் ‘மில்லேயைப் பின்பற்றி’ என்று எழுதிவிட்டு உங்கள் பெயரைப் போடுவதில் மானக்குறைவு எதுவும் இல்லை.

விற்பது என்றால் கணக்கு வேறு. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். வான்கோ (1890), ரவிவர்மா (1906), மோனே (1926) ஆகியோரைப் பொறுத்தவரை அந்தக் காலம் கடந்துவிட்டது. பிக்காசோ மறைந்தது 1973இல், ஆகவே 2033 முடியும்வரை காத்திருக்க வேண்டும். கோபுலு மறைந்தது 2015இல், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்து விற்றால் அங்கே புகைப்படக்காரரின் உரிமையும் குறுக்கே வரும். பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, குறிப்பிட்ட படத்துக்குத்தான் உரிமை.

ஒருமுறை வரைந்துவிட்டு நிறுத்திவிடுவதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் 1656இல் வரைந்த அரசகுடும்பப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பிக்காசோ 1957இல் நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை திரும்பத் திரும்ப வரைந்தார். நாம் மூன்று தடவையாவது முயலலாம்.

அந்தத் தையல் கடை அம்மா மூன்றாவது முயற்சியைப் புரட்டாசிக் கடைசியில் கொண்டுவந்தார். வானம் அசைவில்லாமல் கருநீலமாகக் கிடந்தது. சுழல் முழுக்க ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. பாலத்து விளக்கின் மஞ்சள் படித்துறைச் சுழியில் சிக்கித் துண்டுதுண்டாகச் சுற்றியது. சைப்ரஸ் நின்ற இடத்தில் ஒரு பனை.

“பனையும் வேண்டாமோ என்று தோன்றுகிறது சார்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லவில்லை. அவரே தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார்.