திருடன் உங்கள் பெயரில் ஒளியாமல் இருக்க

செல்போன் கடை வைத்திருக்கிறேன். இணைய மோசடிக்காரர்கள் சொந்தப் பெயரில் சிம் வாங்குவதில்லை, சொந்தக் கணக்கில் பணம் வாங்குவதுமில்லை. போலீஸ் தேடிவந்தால் முதலில் மாட்டுவது பெயரைக் கொடுத்த அப்பாவிதான்.

சிம் வாங்கும்போது கவனமாக இருங்கள். "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க" என்பார்கள். வறண்ட விரலுக்கு உண்மையிலேயே அப்படி ஆகும். ஆனால் அந்த இரண்டாவது ரேகையில் இன்னொரு சிம்மை எடுத்துவிடுகிற ஆட்களும் உண்டு. மறுபடி வைக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள். பிழைச் செய்தி வந்திருக்க வேண்டும். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், அரசின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய் உங்கள் எண்ணையும் ஓடிபியையும் கொடுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் எண்கள் வரிசையாக வரும். தெரியாத எண் இருந்தால் 'என் எண் அல்ல' என்று குறித்துப் புகார் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள்.

ஆதார் நகல் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரே பல இடங்களில் போதும்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் கமிஷன் தருவதாகச் சொல்லி வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கவே கூடாது. திருட்டுப் பணம் நிமிடங்களில் பல கணக்குகள் தாண்டும். தடம் மறைய அதுதான் வழி. பணம் பறிபோனால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழையுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.