நூலின் நிறம் மாறினால் கடையின் பெயர் நிற்காது: கைவினைப் பொருள் கடைகளின் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொக்கி ஊசியால் துணியில் செய்யும் ஆரி வேலைக்கான பட்டு நூல், மணி, ஜர்தோசி (உலோகச் சரிகைச் சுருள்), தஞ்சாவூர் ஓவியப் பொருள்கள், அக்ரிலிக் வண்ணங்கள் முதலியவற்றை விற்கும் சிறு கடைகள் இணைய விற்பனைக்கு வரும்போது, அவற்றுக்குப் பொருட்படங்கள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் கடை தொடங்கியவர்களின் பக்கங்களைப் பார்க்கும்போது, நாங்கள் இத்துறைக்கு வந்த புதிதில் செய்துகொண்டிருந்த பிழைகளே அப்படியே திரும்ப வருவதைக் காண்கிறேன். மங்கலான படம், கசங்கிய விரிப்பு, ஓரத்தில் தெரியும் சார்ஜர் வயர் ஆகியவற்றை எவரும் தாமே கண்டு திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பிராண்டின் சாயலுக்காகப் பொருளின் நிறத்தை மாற்றுவது

கடைக்கென்று ஓர் அடையாளம் வேண்டும் என்று நினைப்பது சரியானதே. ஆனால், இன்ஸ்டாகிராம் பக்கம் முழுவதும் ஒரே சாயலில் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாப் படங்களின் மீதும் இளமஞ்சள் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிடும் வழக்கத்தை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உணவகத்துக்கோ காபிக் கடைக்கோ அந்தச் சாயல் பொருந்தலாம். நூல் வாங்குபவரோ கையில் ஒரு புடவையையோ ரவிக்கைத் துணியையோ வைத்துக்கொண்டு, அதனோடு ஒத்துப்போகும் நிறத்தைத் தேடி வருகிறார். அவருக்கு உங்கள் படம்தான் ஷேடு கார்டு, அதாவது நிற மாதிரி அட்டை.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். திருமண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், படத்தைப் பார்த்து அரக்கு நிறம் என்று நம்பிப் பட்டு நூற்கண்டுகளை வரவழைத்தார். வந்து சேர்ந்தது மெரூன். கடைக்காரர் அனுப்பியது சரியான எண்ணுள்ள நூல்தான்; நீலம் கலந்த அந்த மெரூனை, படத்தின் மீது போட்ட மஞ்சள் சாயல் அரக்காகக் காட்டிவிட்டது. இரவு விளக்கொளியில் வேறுபாடு தெரியாமல் ஒரு கைக்கு வேலையை முடித்துவிட்ட அவர், மறுநாள் வெயிலில் துணியோடு வைத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தார். பிரித்த நூலைத் திரும்பப் பெற்றாலும் மறுபடி விற்க முடியாது. கூரியர் செலவு இரண்டு முறை கடையின் தலையில் விழுந்தது. அந்தப் பெண்ணும் அவரைச் சார்ந்த தையற்கலைஞர்களும் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவேயில்லை. ஃபில்டரைப் பரிந்துரைத்த வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு ரூபாய்கூட இழப்பில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் கொதிக்கிறது.

ஃபில்டர் போடாத கடைகளிலும் நிறம் வேறு வழிகளில் கெடுகிறது. கடையின் குழல்விளக்கு பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் அலகு) அளவிலான நீலம் சார்ந்த வெள்ளொளியைத் தருகிறது; மேசைமேல் இருக்கும் மஞ்சள் பல்பின் ஒளி 2700 கெல்வின். சன்னல் வெளிச்சமும் சேர்ந்துகொண்டால், ஒரே நூற்கண்டின் இடப்பக்கம் ஒரு நிறமாகவும் வலப்பக்கம் இன்னொரு நிறமாகவும் பதிவாகும், அதைப் பின்னால் எந்தச் செயலியாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. ஆகவே மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே வகை ஒளியில் படம் எடுக்க வேண்டும். எல்.இ.டி. விளக்கு வாங்குபவர்கள் அதன் வாட் அளவை மட்டும் பார்க்காமல், சி.ஆர்.ஐ. எனப்படும் நிறத்துல்லிய எண் 95 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த எண் குறைந்த விளக்கில் சிவப்புகள்தாம் முதலில் சாகும்.

விளக்கொளியின் சாயலை ஈடுசெய்து வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் கைபேசியின் தானியங்கி வெள்ளைச் சமன் (ஒயிட் பேலன்ஸ்) அடுத்த எதிரி. படச்சட்டம் முழுவதையும் வெந்தய நிற நூல் நிறைத்திருந்தால், அந்த மஞ்சளை விளக்கின் குறையென்று எண்ணிக்கொண்டு கருவி அதை வெளுக்க முயலும். நூல் சந்தன நிறத்துக்கு அருகில் போய்விடும். அடுத்த படத்தில் கிளிப்பச்சை வந்தால் அளவு மறுபடி மாறும். ஆகையால் அதே ஒளியில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து வெள்ளைச் சமனை அமைத்துப் பூட்டிவிட்டு, விளக்கை நகர்த்தாமல் எல்லா நூல்களையும் ஒரே அமர்வில் எடுக்க வேண்டும். படத்தை, இணையத்தில் பொதுவாக வழங்கும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் சேமிக்க வேண்டும். அதைவிட அகன்ற அடோபி ஆர்.ஜி.பி.யில் எடுத்த படத்தை, எந்த நிறவெளி என்று சொல்லும் நிறக்குறிப்பு கோப்பில் இல்லாமல் ஏற்றினால் பெரும்பாலான திரைகளில் அது சோகை பிடித்ததுபோல் தெரியும்.

இவ்வளவு செய்தும் சில நிறங்கள் திரைக்குள் அடங்குவதில்லை. ஒளிரும் வகை இளஞ்சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் அப்படிப்பட்டவை. வாடாமல்லி கேமராவில் நீலத்தின் பக்கம் சாயக்கூடியது. இழைக்கு இழை நிறம் மாறும் மயில் கழுத்தை ஒரே கோணத்தில் எடுத்த படத்தால் காட்டவே முடியாது. நூலைச் சற்றுத் திருப்பி இரண்டாவது படமும் எடுக்க வேண்டும். இத்தகைய இடங்களில் அண்டை நிறங்களைச் சேர்த்து வைத்துப் படமெடுப்பது மிகவும் உதவுகிறது. பாட்டில் பச்சையையும் ராமர் பச்சையையும் தனித்தனியாகப் பார்த்தால் குழம்புகிறவர்கள், இரண்டையும் ஒரே சட்டத்தில் பார்த்தவுடன் தமக்கு எது வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். எம்.எஸ். நீலம், ராமர் நீலம், அரக்கு என்று மக்கள் வழங்கும் பெயரையும் உற்பத்தியாளரின் ஷேடு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். சாயமிட்ட லாட் (ஒரே முறையில் சாயமேற்றிய தொகுதி) மாறினால் அதே எண்ணிலும் நிறத்தில் சிறு வேறுபாடு வரும் என்பதால், புதுச் சரக்கு வந்ததும் பழைய கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் படத்தையும் மாற்றிவிட வேண்டும்.

பிராண்டின் நிறத்தைக் காட்ட வேறு இடங்கள் போதுமான அளவு உள்ளன. லேபிளில் காட்டலாம், பெட்டியில் காட்டலாம், விலை எழுதும் பட்டையில் காட்டலாம். பொருளுக்குக் கீழே விரிக்கும் அட்டையில் மட்டும் வேண்டாம், ஏனெனில் அடர்ந்த நிற அட்டையின் ஒளி எதிரொளித்து, பட்டு நூலின் அடிப்பகுதியில் படிந்துவிடும்.

மணியின் அளவைக் காட்டாமல் விடுவது

நெருங்கி எடுத்த படத்தில் 2 மில்லிமீட்டர் மணியும் 4 மில்லிமீட்டர் மணியும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணாடி மணிகளின் எண்முறை இந்தக் குழப்பத்தை மேலும் கூட்டுகிறது, ஏனென்றால் எண் கூடக்கூட மணி சிறுக்கும்: 11ஆம் எண் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 8ஆம் எண் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஒரு படத்திலாவது மணிகளை அளவுகோலின் ஓரத்தில் வரிசையாக வையுங்கள். விரல்நுனியில் வைத்துக் காட்டும் படம் அழகாக இருக்கும். விரலுக்கு விரல் பருமன் வேறுபடுவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆரி ஊசி அந்த மணியின் துளைக்குள் நுழையுமா என்பதுதான் வாங்குபவரின் உண்மையான கேள்வி. ஊசி கோத்த நிலையில் ஒரு படம் போட்டுவிட்டால் தொலைபேசி விசாரணை பாதியாகக் குறையும்.

தங்க ரேக்கின் மீது நேர் ஃப்ளாஷ்

தஞ்சாவூர் ஓவியத்துக்கான 22 காரட் தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு), குந்தன் கல், சமிக்கி ஆகியவை தமக்கு எதிரே இருப்பதைக் காட்டும் கண்ணாடிகள். நேராக ஃப்ளாஷ் அடித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டும் சுற்றிலும் கருமையும்தான் கிடைக்கும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, இடையே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, எதிர்ப்பக்கத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினால் ரேக்கின் பரப்பு முழுவதும் பொன்னிறம் சீராகப் பரவும். விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பு அட்டையை வையுங்கள். அசல் ரேக்கையும் போலி ரேக்கையும் விற்கும் கடை, இரண்டையும் ஒரே ஒளியமைப்பில் எடுத்து, தலைப்பிலேயே எது எது என்று எழுதிவிட வேண்டும்.

காயாத வண்ணத்தைக் காட்டுவது

அக்ரிலிக் காய்ந்தால் அடர்ந்துவிடும், நீர்வண்ணம் காய்ந்தால் வெளிறிவிடும். தாளில் பூசிக் காயவைத்த பிறகே படம் எடுங்கள்.

படத்தின் நடுவே லோகோ

வேண்டாம். ஓரத்தில் சிறிதாக இருந்தால் போதும்.

உற்பத்தியாளரின் விளம்பரப் படத்தையே போடுவது

அதே படம் மற்ற கடைகளிலும் இருக்கும். வாங்குபவர் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

பொட்டலத்தை மறந்துவிடுவது

மொத்தமாக வாங்கிய மணிகளைச் சிறு ஜிப் பைகளில் பிரித்துப் போட்டு, அழகிய ஸ்டிக்கர் ஒட்டியவுடன் பிராண்ட் உருவாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்டிக்கரில் கடையின் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது, உள்ளே இருப்பது எத்தனை கிராம் என்பது எங்கும் இல்லை. முன்கூட்டிப் பொட்டலமிட்டு விற்பவற்றுக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் பொருந்தும். பொட்டலமிட்டவரின் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர அளவு, எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் முதலியவற்றை அவை கோருகின்றன. இவற்றுக்கு இடம் ஒதுக்கிய பின்பே ஸ்டிக்கரின் அலங்காரத்தைத் தீர்மானியுங்கள். ஷேடு எண்ணையும் லாட் எண்ணையும் பையின் பின்புறம் அச்சிட்டு, அந்தப் பின்புறத்தையும் ஒரு படமாகப் போடுங்கள். ரவிக்கை முடியுமுன் நூல் தீர்ந்துபோன ஒருவர் அந்த எண்ணைச் சொல்லியே மறுபடி கேட்பார், உங்களுக்கும் அலமாரியில் சரியான பெட்டியை எடுப்பது எளிதாக இருக்கும்.