காம்பேக்ட் காடியா, ஹைபிரிட்டா? பாலம் தாண்டி வேலைக்கு போறவங்களுக்கு ஒரு கணக்கு

கோயில்ல, கல்யாண வீட்டுல, வாட்சாப்ல, எங்க பார்த்தாலும் இப்ப இதே கேள்விதான். “அண்ணே, சாதா காடி எடுக்கவா ஹைபிரிட் எடுக்கவா?” நானும் இதே கேள்வியோட ஷோரூம் ஷோரூமா ஏறி இறங்கி, கடைசியில வீட்டுல உட்கார்ந்து கணக்கு போட்டுதான் முடிவு பண்ணேன். அந்த கணக்க அப்படியே எழுதுறேன், உங்க நம்பர போட்டு பாருங்க. நான் இருக்கிறது பினாங்குல பெருநிலத்து பக்கம் பிறை, வேலை தீவுல பாயான் லெப்பாஸ், அதனால உதாரணமெல்லாம் பினாங்கு பாலத்து ஜாம்ல இருந்துதான் வரும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு. ஹைபிரிட்னா பெட்ரோல் இஞ்சினோட ஒரு மின்சார மோட்டரும் பேட்டரியும் சேர்ந்து இருக்கிற காடி, அதுக்கு சார்ஜர் வேணாம். வழக்கம் போல எண்ணெ ஊத்துனா போதும், பிரேக் போடுறப்பவும் இஞ்சின் ஓடுறப்பவும் பேட்டரி தானா ஏறிக்கும், ஃபிளாட்ல இருக்கிறவங்க பயப்படவே வேணாம். வயர் சொருகி சார்ஜ் போடுற ஹைபிரிட் வேற ரகம், அத இங்க பேசல.

ஸ்டெப் 1: இப்ப இருக்கிற காடி எவ்ளோ குடிக்குதுன்னு அளங்க

டேங்க் ஃபுல்லா ஊத்துங்க, பம்ப் மொதல் தடவ டக்குனு நின்னதும் நிறுத்திடுங்க, மேல மேல அமுக்காதீங்க. ஓடோமீட்டர் நம்பர எழுதி வைங்க. வழக்கம் போல ஓட்டுங்க. அடுத்த தடவ அதே ஸ்டேஷன்ல, முடிஞ்சா அதே பம்புல, அதே மாதிரி ஃபுல் பண்ணுங்க. ஓடுன கிலோமீட்டர ஊத்துன லிட்டரால வகுத்தா உங்க நம்பர் வந்துரும். ஒரு தடவ பத்தாது, நாலஞ்சு டேங்க் பார்த்து சராசரி எடுங்க. டேஷ்போர்ட் காட்டுற நம்பர நம்ப வேணாம், பல காடியில அது நிஜத்த விட கொஞ்சம் நல்லாவே காட்டும்.

இதுக்கு ஃபூலியோ மாதிரி ஆப் இருக்கு, பெட்ரோனாஸோட செட்டல் ஆப்ல காசு கட்டி எண்ணெ ஊத்துனா ரெக்கார்டும் அதுலயே இருக்கும். ஆனா என்ன கேட்டா சின்ன 555 நோட்டு ஒன்னு, பேனா ஒன்னு, ரெண்டையும் கிளவ் பாக்ஸ்ல போட்டு வைங்க. வீட்டுல யார் காடிய எடுத்தாலும் அதுலயே எழுதுவாங்க, ஆப் வச்சிருந்தா ஒருத்தர் போன்ல மட்டும்தான் இருக்கும், பாதி தடவ விட்டுப் போயிரும்.

ஸ்டெப் 2: எவ்ளோ தூரம்னு மட்டும் பார்க்காதீங்க, எப்படிப்பட்ட ரோடுன்னு பாருங்க

ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறது ஜாம்லதான். ஃபேக்டரி விடுற நேரத்துல பாயான் லெப்பாஸ்ல இருந்து பாலம் ஏற வரிசையில நிக்கிறீங்கன்னு வைங்க, சாதா காடி ஏர்கோனுக்காக நின்ன இடத்துலயே எண்ணெ குடிச்சிக்கிட்டு இருக்கும். ஹைபிரிட்ல இஞ்சின் நின்னுரும், ஏர்கோன் பேட்டரியிலயே ஓடும், பேட்டரி இறங்குனா மட்டும் இஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிட்டு திரும்ப நின்னுரும். முன்னாடி இருக்கிற காடி நகர்ந்தா நீங்களும் சத்தமே இல்லாம நகருவீங்க, பிரேக் போட்டா ஸ்கிரீன்ல அம்புக்குறி டயர்ல இருந்து பேட்டரி பக்கம் திரும்பும்.

ஹைவேல கதை வேற. ஹோண்டா சிட்டி ஹைபிரிட்ட எடுத்துக்குங்க, மெதுவா போறப்ப மோட்டர்தான் டயர சுத்துது, ஹைவே வேகத்துல ஒரு கிளட்ச் விழுந்து இஞ்சின் நேரா டயரோட சேர்ந்துக்கும். அதனால வாரா வாரம் ஈப்போ வரைக்கும் 110ல போயிட்டு வர்றவருக்கு வித்தியாசம் ரொம்ப குறைஞ்சிரும். கேஎல்ல ஃபெடரல் ஹைவே ஜாம்ல தினமும் ஊர்றவருக்கு வித்தியாசம் நல்லா தெரியும்.

ஸ்டெப் 3: விலை வித்தியாசம் (நிதானமா படிங்க)

எனக்கு தலை சுத்துனது இந்த இடத்துலதான், கேக்குற எல்லாருமே இங்கதான் நிக்கிறாங்க. எந்த விலைய எந்த விலையோட ஒப்பிடுறது?

2023 ஆகஸ்ட்ல சிட்டி ஃபேஸ்லிஃப்ட் (புதுப்பிச்ச மாடல்) வந்தப்ப அறிவிச்ச விலைய எடுத்துக்குறேன். வி ரகம் 94,900 வெள்ளி, அதுக்கு மேல் ரகமான ஆர்எஸ்ல பெட்ரோல் 99,900, ஆர்எஸ் ஹைபிரிட் 111,900. ஷோரூம்ல இப்ப சொல்ற விலைய நீங்க போட்டுக்குங்க, கணக்கு முறை ஒன்னுதான். ஹைபிரிட்ட வி மாடலோட வச்சா வித்தியாசம் 17,000. ஆனா அந்த 17,000ல ஆர்எஸ் ஸ்டைலுக்கும் சாமானுக்கும் குடுக்கிற காசும் சேர்ந்திருக்கு, அது முழுசும் ஹைபிரிட் விலை கிடையாது. ஆர்எஸ்ஸோட ஆர்எஸ்ஸ வச்சாதான் ஓரளவுக்கு நியாயம், அப்ப வித்தியாசம் 12,000. உங்களுக்கு ஆர்எஸ்ஸே வேணாம், வி போதும்னா மட்டும் 17,000 வச்சு கணக்கு போடுங்க, ஏன்னா ஹைபிரிட் வேணும்கிறதுக்காக அந்த காச குடுக்க போறது நீங்கதான்.

அடுத்தது லோன். இந்த 12,000 நீங்க கட்ட போற 12,000 இல்ல. பத்து பர்சன்ட் டவுன்பேமென்ட் போக 10,800 லோன்ல ஏறும். ஃபிளாட் ரேட் (மொதல்ல வாங்குன முழு தொகைக்கே வருஷா வருஷம் வட்டி) 3 பர்சன்ட், 9 வருஷம்னு வச்சா வட்டி மட்டும் 2,916. மொத்தம் 13,716, அத 108 மாசத்தால வகுத்தா மாசம் 127 வெள்ளி கூட கட்டணும். இந்த 127ஐ 555 நோட்டுல பெருசா எழுதி வட்டம் போட்டு வைங்க.

இப்ப எண்ணெ. 2025 செப்டம்பர் கடைசியில பூடி95ங்கிற பெட்ரோல் மானிய திட்டம் வந்தப்ப ஐசி காட்டுனா ரோன்95 லிட்டர் 1.99, மாசம் 300 லிட்டர் வரைக்கும், மானியம் இல்லாத விலை அப்ப 2.60. விலையோ கோட்டாவோ மாறுனா அத போட்டுக்குங்க. ஜாம் ரோட்டுல சாதா காடி லிட்டருக்கு 14 கிலோமீட்டர், ஹைபிரிட் 22னு வைப்போம். பிரோஷர்ல சிட்டி ஹைபிரிட்டுக்கு 27.8னு போட்டிருக்காங்க, நான் அத கணக்குல சேர்க்கல, நீங்களும் சேர்க்காதீங்க. 1.99 விலையில சாதா காடிக்கு கிலோமீட்டருக்கு 14 சென் சொச்சம், ஹைபிரிட்டுக்கு 9 சென். வித்தியாசம் 5 சென்னுக்கு கொஞ்சம் மேல.

நான் மாசம் 1,800 கிலோமீட்டர் கிட்ட ஓட்டுறேன். மிச்சம் 93 வெள்ளி, கூட கட்டுறது 127. மாசா மாசம் 34 வெள்ளி கையில இருந்து போகுது. ரெண்டும் சமமா வரணும்னா மாசம் 2,450 கிலோமீட்டர் ஜாம் ரோட்டுலயே ஓடணும். நம்ம நாட்டுல எண்ணெ மலிவு, அதனாலதான் ஹைபிரிட் காசு திருப்பி குடுக்க இவ்ளோ இழுக்குது. சேல்ஸ்மேன் “எண்ணெ காசுலயே லோன் கட்டிரலாம்”னு சொன்னா இந்த கணக்க எடுத்து முன்னாடி வைங்க.

பெரோடுவா மைவி மாதிரி சின்ன காடியோட ஒப்பிடுறவங்களுக்கு இவ்ளோ நீட்ட வேண்டியதே இல்ல. 60 ஆயிரத்துக்குள்ள வர்ற காடியையும் லட்சத்துக்கு மேல போற காடியையும் பக்கத்துல வச்சா எண்ணெ மிச்சத்தால அந்த பள்ளத்த அடைக்கவே முடியாது. என் தங்கச்சி புக்கிட் மெர்தாஜாம்ல வீட்டுக்கு பக்கத்து ஸ்கூல்லதான் டீச்சர், அவளுக்கு மைவிதான் சரின்னு சொல்லி அதையேதான் எடுத்தோம்.

அப்ப நான் ஏன் ஹைபிரிட் எடுத்தேன்? தினமும் அந்த வரிசையில ஊர்றப்ப கிடைக்கிற அமைதிக்கும், ஏறி மிதிச்சதும் உடனே இழுக்குற மோட்டருக்கும் மாசம் 34 வெள்ளி குடுக்கலாம்னு தோணுச்சு. குடுக்குறது எவ்ளோன்னு தெரிஞ்சு குடுக்குறேன், எனக்கு அது போதும்.

ரோட் டெக்ஸ் ரெண்டுக்கும் ஒன்னுதான், சிசிய வச்சுதான் போடுறாங்க, 1.5 செடானுக்கு இங்க 90 வெள்ளி. இன்சூரன்ஸ் மட்டும் காடி விலைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூடும், ரெண்டுக்கும் கொட்டேஷன் கேட்டு வாங்குங்க.

ஸ்டெப் 4: டெஸ்ட் டிரைவ ஜாம் நேரத்துல கேளுங்க

காலையில பத்து மணிக்கு காலி ரோட்டுல ஒரு சுத்து சுத்தி காட்டுவாங்க, அது எதுக்கும் உதவாது. வேலை நாள்ல சாயங்காலம் போங்க. ஏர்கோன ஃபுல்லா வச்சிட்டு வரிசையில நில்லுங்க, இஞ்சின் நின்னதுக்கு அப்புறமும் குளிருதான்னு பாருங்க. முடிஞ்சா பாலேக் பூலாவ் மலை ரோட்டுல ஏத்தி பாருங்க, ஏத்தத்துல அமுக்குனா சில ஹைபிரிட்ல இஞ்சின் சத்தம் காலுக்கு சம்பந்தமில்லாம எகிறும், அது கோளாறு இல்ல, ஆனா உங்களுக்கு பிடிக்குதான்னு வாங்குறதுக்கு முன்னாடி தெரியணும். வரும்போது பின்னாடி சாமான் வைக்கிற பூட்ட திறந்து பாருங்க. சிட்டி பெட்ரோல்ல பூட் 519 லிட்டர், ஹைபிரிட்ல பேட்டரி இடத்த பிடிச்சிக்கிறதால 410. தீபாவளிக்கு குடும்பமா ஊருக்கு போறவங்க பெட்டிய கொண்டுபோயே வச்சு பார்க்கலாம், தப்பே இல்ல. சில ஹைபிரிட்ல ஸ்பேர் டயர் இருக்காது, பஞ்சர் ஒட்டுற கிட்தான் இருக்கும், அதையும் கேட்டுருங்க.

ஸ்டெப் 5: பேட்டரி

ஹோண்டா மலேசியா ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருஷம் வாரண்டி குடுக்குது. நம்ம லோன் 9 வருஷம். கடைசி ஒரு வருஷம் லோனும் ஓடும், வாரண்டியும் இருக்காது. அதனால முடிஞ்சா 7 வருஷ லோன் போடுங்க, இது என் அழுத்தமான கருத்து.

அப்டேட்: செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் பத்தி நிறைய பேரு கேட்டுட்டீங்க. 2011ல இருந்து 2013 வரைக்கும் ஹைபிரிட்டுக்கு வரி விலக்கு இருந்துச்சு, ஹோண்டா இன்சைட், டொயோட்டா ப்ரியஸ் சி எல்லாம் அப்ப நிறைய ஓடுச்சு, இன்னைக்கு மலிவா கிடைக்குது. எதுக்குமே பேட்டரி வாரண்டி கிடையாது. ஹைபிரிட் தெரிஞ்ச போர்மேன்கிட்ட ஸ்கேன் போடாம காசு குடுக்காதீங்க. ப்ரியஸ் சியா இருந்தா ஒரு புளூடூத் ஓபிடி டோங்கிளும் (காடியில சொருகி அதோட தகவல போனுக்கு அனுப்புற சின்ன சாமான்) டாக்டர் ப்ரியஸ் ஆப்பும் இருந்தா நீங்களே பார்த்துரலாம். “பேட்டரி மாத்தியாச்சு”ன்னு சொன்னா ரசீத கேளுங்க, கெட்டுப்போன செல்ல மட்டும் மாத்தி வித்தா கொஞ்ச நாள்ல பக்கத்து செல் போயிரும்.

இன்னொரு அப்டேட்: கேஎல்ல இ-ஹெய்லிங் ஓட்டுற தம்பி ஒருத்தர் மாசம் 4,000 கிலோமீட்டர் போறாராம். அவருக்கு 5 சென் கணக்குப்படி 200 வெள்ளிக்கு மேல மிச்சம், 127 போக கையில நிக்கும், சாதா காடியில 286 லிட்டர் போற இடத்துல 182தான் போகும், கோட்டாவ பத்தி கவலையும் இல்ல. தம்பி, நீங்க ஹைபிரிட்டே எடுங்க.

லீவு முடிஞ்சு வந்து ஹைபிரிட் ஸ்டார்ட் ஆகலன்னு எழுதுன அக்காவுக்கு: பெரிய பேட்டரி போயிருச்சுன்னு பயப்படாதீங்க, சாதா காடியில இருக்கிற அதே 12 வோல்ட் பேட்டரி இதுலயும் ஒன்னு இருக்கு, பெரும்பாலும் அதுதான் இறங்கியிருக்கும். சில மாடல்ல அது பூட்டுக்குள்ள இருக்கும். புதுசா எடுக்கிறவங்க டெலிவரி அன்னைக்கே அது எங்க இருக்கு, ஜம்ப் கேபிள் எங்க மாட்டணும்னு காட்ட சொல்லுங்க.