விட்ட ராட்டையை மீண்டும் தொடுபவர்களுக்கு

பல ஆண்டுகள் பரணில் கிடந்த பெட்டி ராட்டையை இறக்கி உட்காருபவர்கள் முதல் நாளே சோர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் கை காரணமில்லை. முறுக்கு ஏற ஏறப் பஞ்சை விட்டுக்கொடுக்கும் பக்குவத்தை, ஒருமுறை பழகிய விரல் சில நாளில் மீட்டுக்கொள்ளும். தானாக மீளாதவை, நூற்பதற்காக உருட்டிவைத்த பஞ்சுச் சுருளான பட்டையும், சுழன்று முறுக்கேற்றும் இரும்புக் கம்பியான கதிரும்தான். டப்பாவில் வைத்த பழைய பட்டை இறுகிப்போயிருக்கும்; கதிர் துருவேறி, லேசாக வளைந்திருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் நூற்க உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும், பழி கைமேல் விழும். அதனால் ராட்டையைச் சுற்றுவதற்கு முன் பஞ்சிலிருந்து தொடங்குங்கள்.

பஞ்சு

வீட்டில் இருக்கிறதே என்று தலையணைப் பஞ்சை எடுக்க வேண்டாம். அது இலவம்பஞ்சாக இருந்தால் தனியாக நூலாகாது. அதன் இழை வழுவழுப்பானது, எளிதில் முறிவது. பருத்தி இழைக்கு இயல்பாக அமைந்த புரி அதற்கு இல்லை. மருந்துக்கடைப் பஞ்சும் உதவாது. வெளுக்கும்போது இழைமேல் இருக்கும் மெல்லிய மெழுகுப் பூச்சு போய்விடுவதால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், சீராக வழுக்கி வராது.

மீண்டும் தொடங்க ஏற்றது 28 முதல் 30 மி.மீ. இழை நீளமுள்ள பருத்தி. எம்.சி.யு. 5 போன்ற கோவைப் பருத்தி ரகங்கள் நீள இழையுள்ளவை. சுவின் ரகம் இன்னும் நீளம், மிக மெல்லியது. அதனாலேயே கைப்பிரஷால் வாரும்போது சின்னச் சின்ன முடிச்சு விழும். கை திரும்பிய பிறகு அதற்குப் போகலாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளையும் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டை. முறுக்கு கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், ஆனால் 10 நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது) அருமையாக உட்காரும்.

விதையோடு பருத்தி கிடைத்தால் அதையே வாங்குங்கள். பேலில் (ஆலைப் பொதியில்) அழுத்தாத பஞ்சின் மென்மை தனி. 100 கிராம் விதைப்பருத்தியில் ஏறக்குறைய 33 கிராம் பஞ்சு தேறும். ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, வழவழப்பான மரப்பலகைமேல் ஒவ்வொரு கொட்டையாக வையுங்கள். ஒரு செ.மீ. பருமனுள்ள இரும்புக் கம்பியால் அழுத்தி உருட்டினால் கொட்டை முன்பக்கம் பிதுங்கி வெளியே வரும், பஞ்சு பின்பக்கம் தங்கும்.

பட்டை போடுதல்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இது. அவசரமாகப் போட்ட பட்டையில் தேர்ந்த கையும் தடுமாறும். நல்ல பட்டையில் புதுக்கையும் ஓடும்.

வில்லால் பஞ்சடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கம்பிப்பல் நெருக்கமாக உள்ள பிரஷ் இரண்டு போதும். நாய்க்கு முடி வாரும் பிரஷே இதற்கு உதவும். பஞ்சை முதலில் விரலால் பிரித்து தூசி, இலைத்துண்டு, உடைந்த கொட்டையை எடுத்துவிடுங்கள். ஒரு பட்டைக்கு 2 கிராம் கணக்கு. பிரஷ் அடியில் தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்பி, பல்லோடு பல் மோதாமல் நான்கைந்து முறை இழுங்கள். அதற்குமேல் இழுத்தால் இழை முறிந்து முடிச்சு முடிச்சாகத் திரளும். பஞ்சு சரியாக வரவில்லையே என்று பலர் மேலும் மேலும் வாரிக் கெடுப்பது இங்கேதான்.

ஒரே திசையில் படிந்த பஞ்சை ஏடாக எடுத்து, பென்சிலைவிடச் சற்று மெல்லிய மூங்கில் குச்சிமேல் சுற்றி, பலகையில் உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை மட்டும் உருட்டிக் குச்சியை உருவிவிடுங்கள். 15 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன் இருக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்து நிறுத்தினால் மடங்காமல் நிற்கவேண்டும். மறுமுனையில் இரு விரலால் மெதுவாக இழுத்தால் கொத்தாகப் பிடுங்கி வராமல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வரவேண்டும். நீளவில்லை என்றால் உருட்டியபோது கை அழுந்திவிட்டது என்று பொருள். பிரித்து மறுபடி போடுங்கள்.

பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அமுக்காமல் அட்டைப்பெட்டியில் ஒரே வரிசையாக வையுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

முதல் சில நாள் தக்ளி

ராட்டைக்குப் போகுமுன் நான்கைந்து நாள், விரலால் சுழற்றும் சிறு கதிரான தக்ளியில் நூற்பது நல்லது. 15 முதல் 20 கிராம் எடையுள்ள, பித்தளை வில்லை வைத்த தக்ளியைச் சிரட்டையிலோ சின்னக் கிண்ணத்திலோ ஊன்றிச் சுண்டிவிட்டால், முறுக்கு ஏறுவது மெதுவாகக் கண்ணுக்குத் தெரியும். ராட்டையின் வேகத்தில் தவறிப்போகும் அந்தக் கணம் இங்கே பிடிபடும்: எந்த அளவு முறுக்கில் இழை இன்னும் நீள்கிறது, எந்த அளவில் பூட்டிக்கொள்கிறது என்பதை விரல் திரும்பக் கற்றுக்கொள்கிறது.

ராட்டையைச் சீர்செய்தல்

கதிரை கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்து மறைந்தால் வளைவு உண்டு. கட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் சிறிது சிறிதாகத் தட்டி நிமிர்த்தலாம். முனையில் பிசிறு இருக்கிறதா என்று ஒரு துணுக்குப் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் ஜீரோ நம்பர் உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஊசிபோல் கூராக வேண்டியதில்லை.

கதிர் சுழலும் தாங்கியிலும் இரு சக்கரங்களின் அச்சிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும், வேண்டாம். எண்ணெய் கயிற்றில் பட்டால் கயிறு வழுக்கும்.

பழைய சக்கரக் கயிறுகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். முறுக்கேறிய பருத்திக் கயிறே நல்லது. நைலான் நீண்டு தளரும். முடிச்சுப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கதிர் ஒருமுறை துள்ளும், அந்தத் துள்ளலில் மெல்லிய இழை அறும். இரு முனையையும் பிரித்து ஒன்றோடொன்று பின்னி, தையலிட்டு, தேன்மெழுகு தடவுங்கள். சக்கரத்தை நிறுத்தியதும் கதிரும் நின்றால் இறுக்கம் சரி. சக்கரம் சுற்றக் கை வலித்தால் இறுக்கம் அதிகம்.

ஒரு கணக்கையும் இப்போதே எடுத்துவையுங்கள். பெரிய சக்கரத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி இரண்டாவது சக்கரம் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பிறகு இரண்டாவதை ஒரு சுற்றுச் சுற்றி, கதிர் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டையும் பெருக்கினால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்குக் கதிர் எத்தனை சுற்று என்பது கிடைக்கும். முன்னது 7, பின்னது 14 என்றால் 98. முறுக்கின் அளவு இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

நூற்றல்

முன்பே நூற்ற நூல் ஒரு முழம் எடுத்துக் கதிரின் அடியில் கட்டி, முனைவரை சுருளாகக் கொண்டுவந்து, நுனியைப் பட்டையின் முனைப் பஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். சக்கரம் வலக்கையில், பட்டை இடக்கையில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், நசுக்கக் கூடாது.

சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியதும் முறுக்கு பட்டைமுனைக்கு ஏறும். அதே நேரத்தில் இடக்கை பின்னால் நகரவேண்டும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத்தான் முதலில் தேடி ஏறும், ஏறி அதைப் பூட்டிவிடும். தடித்த இடத்தில் முறுக்கு குறைவு என்பதால் அது இன்னும் நீளத் தயாராக இருக்கும். கை தொடர்ந்து இழுத்துக்கொண்டே போனால் தடிப்புகள் தாமே கரைந்து நூல் சமப்படும். கை ஓரிடத்தில் தயங்கினால் அங்கே முறுக்கு பூட்டிக்கொள்ளும், தடிப்பு அப்படியே நிலைத்துவிடும். நூல் மேடும் பள்ளமுமாக வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கை 60 செ.மீ. அளவு பின்னால் போனதும் பட்டையை நூல் முடியும் இடத்தில் அழுத்திப் பிடித்து, மிச்ச முறுக்கைக் கொடுங்கள். நம்பரின் வர்க்கமூலத்தை 4 ஆல் பெருக்கினால் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பது வரும். 16 நம்பருக்கு 16. 60 செ.மீ. என்பது ஏறக்குறைய 24 அங்குலம். ஆகவே 384 முறுக்கு, 98 சுற்றும் ராட்டையில் கைப்பிடி ஏறக்குறைய நான்கு சுற்று. 10 நம்பருக்கு மூன்று சுற்று. கைநூலில் மெலிவுகள் இருக்கும், அதனால் அரைச்சுற்றுக் கூட்டிக்கொள்வதே பத்திரம்.

பிறகு சக்கரத்தைச் சற்றுப் பின்னோக்கிச் சுற்றி முனையிலுள்ள சுருளை அவிழ்த்து, நூலைக் கதிருக்குச் செங்குத்தாகக் கொண்டுவந்து, முன்னோக்கிச் சுற்றி ஏற்றுங்கள். கதிரில் சேரும் நூல் திரளான கண்டு அடியில் பருத்து முனைநோக்கிச் சரியவேண்டும். நூற்கும்போது நூல் முனையிலிருந்து செங்கோணத்தைவிடச் சற்று விரிந்த கோணத்தில் போகவேண்டும். கோணம் குறுகினால் முறுக்கேறாமல் கதிரில் சுற்றிக்கொள்ளும்.

அறுந்தால் முடிச்சுப் போடாதீர்கள். நெசவில் இழைகளை ஏற்றி இறக்கும் விழுதிலும், சீப்புபோன்ற அச்சிலும் அது சிக்கும். நூல்முனையில் 3 செ.மீ. முறுக்கைப் பிரித்துக் கலைத்து, பட்டையின் கலைந்த பஞ்சுமேல் வைத்துச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும்.

அறுகிறதென்றால் எங்கே பாருங்கள்

அறுந்த முனையே காரணத்தைச் சொல்லும். நீண்டு மெலிந்து நழுவிய முனை என்றால் முறுக்கு போதவில்லை; சக்கரம் மெதுவாக, கை வேகமாகப் போயிருக்கிறது. பட்டென்று முறிந்த முனை என்றால் முறுக்கு அதிகமாகிவிட்டது, அல்லது பஞ்சு பழையது. ஒவ்வொரு முறையும் கதிர்முனைக்கு அருகிலேயே அறுந்தால் முனைப் பிசிறைப் பாருங்கள்.

பட்டை நூலை விடவே மாட்டேன் என்றால் முறுக்கு பட்டைக்குள்ளேயே ஏறிவிட்டது. அந்த இரண்டு செ.மீ. பஞ்சைக் கிள்ளி எறிந்து புதிதாகப் பிடிப்பதே வழி. பிடித்து இழுத்துப் போராடினால் அடுத்த முழமும் கெடும். உள்ளங்கை வியர்த்தாலும் இப்படித்தான் ஆகும். கையைத் துடைத்துவிட்டு, பட்டையை விரல்நுனியில் மட்டும் பிடியுங்கள்.

காற்றின் ஈரத்தையும் கவனிக்கவேண்டும். பருத்தி ஈரத்தில் வலுக்கும், வறட்சியில் சிலிர்த்து முறியும். சித்திரை வெயிலில் மதியம் நூற்பதைவிட விடியற்காலை நூற்பது சுலபம். முடியாதென்றால் பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு: பட்டை நமுத்து ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிடம் வெயில் காட்டினால் சரியாகும்.

அளவும் சிட்டமும்

எத்தனை நம்பர் நூற்றிருக்கிறோம் என்று அறிய 10 மீட்டர் நூலை அளந்து, நகைத் தராசில் எடை பாருங்கள். 5.9 ஐ அந்தக் கிராம் எடையால் வகுத்தால் நம்பர் வரும். 0.59 கிராம் என்றால் 10 நம்பர், 0.295 என்றால் 20. திரும்பித் தொடங்குபவர்களுக்கு 8 முதல் 12 நம்பர் போதும். முதலிலேயே மெல்லிய நூலுக்கு ஆசைப்படுவது வீண் அறுப்பு. 2 கிராம் பட்டை 10 நம்பரில் ஏறக்குறைய 111 அடி நூலாகும். அதே நம்பரில் 1000 மீட்டர் சிட்டத்துக்கு (சுற்றிக் கட்டிய நூல் கட்டுக்கு) 59 கிராம் பஞ்சு வேண்டும்.

சிட்டம் சுற்ற, ஒரு சுற்று ஒரு மீட்டர் வரும்படி 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரமுளை அடித்த பலகை போதும். 100 சுற்றுக்கு ஒருமுறை நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இறக்குமுன் நான்கு இடத்தில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் வேகவைக்கும்போது சிக்காது.

புது நூல் தளர்த்தினால் சுண்டிக்கொள்ளும். முறுக்கை நிலைப்படுத்த வேகவைக்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் கரைத்து, சிட்டம் முழுதும் முங்கும்படி 45 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். சோடா அலுமினியத்தை அரிக்கும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தால் அழுக்கும் மெழுகும் இறங்கியிருக்கின்றன. தெளிந்த நீர் வரும்வரை அலசி, இரு கையிலும் மாட்டி உதறி நிழலில் தொங்கவிடுங்கள்.

முதல் சிட்டங்களை நெசவுக்குக் கொடுப்பதானால் ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) கொடுங்கள். பாவுக்கு (நெடுக்கு இழைக்கு) ஆலைநூலோ, பல கதிர் கொண்ட அம்பர் சர்க்காவின் நூலோ போகட்டும். விழுதில் மேலும் கீழும் உராயும் இழுவையை மெலிவுள்ள நூல் தாங்காது. குரோஷாவுக்கு என்றால் இரண்டு இழையைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் முறுக்குங்கள். இழை முறுக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொடுத்து நிறுத்தி, ஒரு முழத்தைத் தளர்த்தித் தொங்கவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கமும் சுழலாமல் நின்றால் அளவு சரி. சுழன்றால் அது சுழலும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்த்துத் தொடருங்கள்.