வன்தட்டை அழிப்பதற்கு முன் தொடக்கப் பட்டியலில் இன்னொரு வரியைத் தெரிவுசெய்து பாருங்கள்

விண்டோஸ் 10ஐ மீண்டும் நிறுவும்போது, 'இந்த வட்டில் நிறுவ முடியாது, இதில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது' என்று கணினி மறுத்தால் வன்தட்டை அழித்துவிடாதீர்கள். எம்பிஆர் என்பது வட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் பழைய வகை அட்டவணை. கணினியை அணைத்து, மீண்டும் தொடங்கும்போது எஃப்12 விசையை அழுத்துங்கள் (சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப்). வரும் பட்டியலில், விண்டோஸ் நிறுவி உள்ள ஒரே பென் டிரைவ் பெரும்பாலும் இரண்டு வரிகளில் தெரியும். 'யுஇஎஃப்ஐ' (UEFI, கணினியைத் தொடக்கும் புதிய முறை) என்ற சொல் இல்லாத வரியைத் தெரிவுசெய்யுங்கள். மூதூரிலிருந்து கணினியைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திருகோணமலை நகரக் கடைக்கு வருவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் செய்துபார்க்கக்கூடிய வேலை இது.

வட்டில் பழுது எதுவும் இல்லை. யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கிய நிறுவி ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை உள்ள வட்டை மட்டுமே ஏற்கும்; பழைய பயாஸ் முறையில் தொடங்கினால் எம்பிஆர் வட்டை ஏற்றுக்கொள்ளும். 'ஜிபிடி' என்று சொல்லி மறுத்தால் தலைகீழாக, யுஇஎஃப்ஐ வரியைத் தெரிவுசெய்ய வேண்டும். பழைய விண்டோஸ் இருந்த பகுதியை மட்டும் தொடுங்கள்; படங்கள் இருக்கும் டி பகுதி அப்படியே இருக்கட்டும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், மின்வெட்டு அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

விண்டோஸ் 11க்கு இந்த வழி உதவாது. அதற்கு யுஇஎஃப்ஐ கட்டாயம். புதிய கணினிகள் பலவற்றில் பழைய முறையே கிடையாது, ஒரே வரிதான் தெரியும். அப்போது கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு வட்டை ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். வட்டே பட்டியலில் தெரியவில்லை என்றால் அது வேறு கோளாறு.