ஞானப்பல் எடுக்கும் முன்னும் பின்னும்: முதல்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில், தாடையின் கடைக்கோடியில் முளைக்கும் மூன்றாம் கடைவாய்ப்பல்லைத்தான் ஞானப்பல் என்கிறோம். மற்றப் பற்களெல்லாம் இடம்பிடித்த பிறகு வருவதால், அது சாய்ந்தோ, படுத்தவாக்கிலோ, பாதி ஈறுக்குள்ளேயோ நின்றுவிடுவது உண்டு. அந்த ஈறு மடிப்புக்குள் உணவு சிக்கிச் சீழ்பிடிப்பதும், முன்னால் இருக்கும் பல் சொத்தையாவதும் அதை எடுக்கச் சொல்வதற்கான வழக்கமான காரணங்கள். நேராக முளைத்துத் தொல்லை தராமல் இருக்கும் ஞானப்பல்லை எடுக்கத் தேவையில்லை.

1. செல்வதற்கு முன்

ஓபிஜி எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரேயை மருத்துவர் முதலில் எடுக்கச் சொல்வார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடி, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, பல்லின் வேருக்கு எவ்வளவு அருகில் செல்கிறது என்பது அதில்தான் தெரியும். படத்தைக் காட்டி அதை விளக்கும்படி கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வயிற்றுப்புண், மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றில் எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே அதை நிறுத்திவிடுவது பல்வலியைவிடப் பெரிய ஆபத்தில் முடியலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். பல்லுக்குச் செல்லும் நரம்பும் பார்வைக்கான நரம்பும் வெவ்வேறு என்பதால், அந்த அச்சத்துக்கு இடமில்லை. மரத்துப்போகும் ஊசி மட்டும் போடுவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டே செல்லலாம்; முழு மயக்கம் என்றால் மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும்.

2. நாற்காலியில்

ஊசி போட்டுச் சில நிமிடங்களில் உதடும் நாக்கும் தடித்துவிட்டது போலத் தோன்றும். அதன்பின் அழுத்துவதும் அசைப்பதும் தெரியுமே தவிர, கூர்மையான வலி தெரியக் கூடாது; தெரிந்தால் கையை உயர்த்துங்கள், மேலும் மருந்து செலுத்துவார்கள். புதைந்த பல்லாக இருந்தால், ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்து, பல்லைத் துண்டுகளாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். வலியைவிட அந்த இயந்திரச் சத்தம்தான் பலரை மிரளவைக்கிறது.

3. முதல் 24 மணி நேரம்

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டி உருவாகிறது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காக்கும் இயற்கையான கட்டு அதுதான். இனிச் சொல்லப்போகும் விதிகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டியை இடம்பெயராமல் காப்பதற்காகவே உள்ளவை.

வைத்து அனுப்பும் காஸ் துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருங்கள்; நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பதே இரத்தம் நிற்காமல் போவதற்குக் காரணமாகிவிடும். எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். வாய் கொப்பளிக்காதீர்கள். ஸ்ட்ராவால் உறிஞ்சாதீர்கள், இளநீரைக்கூடத் தம்ளரில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். உறிஞ்சும்போதும் துப்பும்போதும் வாய்க்குள் உண்டாகும் இழுவை கட்டியைப் பெயர்த்துவிடக்கூடும். புகைபிடித்தலும் புகையிலையும் முதல் நாளோடு நில்லாமல், குழி ஆறும்வரை வேண்டாம்.

எச்சில் அன்று இளஞ்சிவப்பாக வருவது இயல்பே. ஒரு சொட்டு இரத்தம் எச்சிலில் கலந்தாலும் நிறையப் போவது போலத் தெரியும். மாறாக, வாய் நிறைய இரத்தம் ஊறினால், சுத்தமான காஸ் துணியை நனைத்து மடித்துக் குழியின்மேல் வைத்து மீண்டும் அரை மணி நேரம் கடித்திருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவரை அழையுங்கள்.

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, கன்னத்தில் 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். மரப்பு விலகும் முன்பே, எழுதித் தந்த வலி மாத்திரையை எடுத்துக்கொள்வது நல்லது. மரத்திருக்கும்போது சூடான எதையும் குடிக்காதீர்கள், உதடு வெந்தாலும் கடிபட்டாலும் தெரியாது.

4. உணவு

குழையப் பிசைந்த தயிர்சாதம், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், கூம்பு இல்லாத ஐஸ்கிரீம் ஆகியவை முதல் இரண்டு நாட்களுக்கு ஏற்றவை. தயிர்சாதத்துக்குத் தாளிக்காதீர்கள்: ஒரு கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அதை வெளியேற்றுவது பெரும்பாடு. எள், கசகசா, முறுக்கு, காரக்குழம்பு எல்லாம் காத்திருக்கட்டும்.

5. இரண்டாம் நாள் முதல்

24 மணி நேரம் கழிந்தபின், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்து அலசி, துப்பாமல் தானாக வழியவிடுங்கள். மற்றப் பற்களை வழக்கம்போலத் துலக்கலாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்தை எட்டும். வாயை முழுதாகத் திறக்க முடியாததும் இயல்பு. அதன்பின் நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தால் முழுவதையும் முடியுங்கள், எழுதாவிட்டால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். அது மெட்ரோனிடசோலாக இருந்தால், மாத்திரை முடிந்து 2 நாள் ஆகும்வரை மது கூடாது.

6. எப்போது திரும்பச் செல்வது

குறைந்துவந்த வலி மூன்றாம் நாளையொட்டித் திடீரெனக் கூடி, காது வரை குத்தி, வாயில் கெட்ட வாடையும் வந்தால், கட்டி கழன்று எலும்பு வெளித்தெரிகிறது என்று கொள்ளலாம். இதை டிரை சாக்கெட் என்பார்கள். வீட்டில் கிராம்புத் தைலத்தைக் குழிக்குள் ஊற்றி ஈறைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் மருத்துவரிடம் சென்றால், குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுவார். வலி பெரும்பாலும் விரைவிலேயே தணியும். காய்ச்சல், சீழ், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், மறுநாளும் விலகாத உதட்டு மரப்பு ஆகியவற்றையும் உடனே தெரிவியுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால், பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கரையாத தையலாக இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். ஈறு மூடிக்கொள்ளச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். அதுவரை குழியில் சோற்றுப்பருக்கை தங்கினால் பல்குச்சியால் நோண்டாமல், உப்புநீராலேயே அலசி எடுங்கள்.